கம்ப்யூட்டர்ல மருந்து டிசைன், மாலிகுலர் இன்ஃபர்மேட்டிக்ஸ்: ஆராய்ச்சிக்கு வரலாமான்னு கேக்கறவங்களுக்கு

ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் வந்த கையோட எனக்கு மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். ஜூனியர்ஸ், ஜூனியர்ஸோட தம்பி தங்கச்சிங்க, சில சமயம் அப்பா அம்மாவே கூப்பிடுவாங்க. கேள்வி மட்டும் மாறாது. பி.எச்டி, ரெண்டு போஸ்ட்டாக் (பி.எச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை), இப்போ வாத்தியார் வேலைன்னு இதுலயே கிடக்கறதால ஒரே தடவையா எழுதி வெச்சிடறேன், இனிமே லிங்க்கை அனுப்பிட்டு நான் என் வேலையைப் பாக்கலாம். கேள்விங்களை அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

அக்கா, நீங்க என்னதான் பண்றீங்க? கம்ப்யூட்டர்ல எப்படி மாத்திரை செய்வாங்க?

மாத்திரை செய்யறதில்லப்பா. எந்த மாலிக்யூலை லேப்ல செஞ்சு பாக்கலாம்னு பொறுக்கித் தர்ற வேலை. மருந்தா இருக்க வாய்ப்புள்ள சின்ன மாலிக்யூல்கள் மொத்தம் எத்தனைன்னு கணக்குப் போட்டவங்க அடிக்கடி சொல்ற நம்பர், 1-க்குப் பின்னாடி 60 சைபர். அத்தனையையும் எந்தக் கெமிஸ்ட்டாலயும் செஞ்சு பாக்க முடியாது, அதனால முன்கூட்டியே கழிச்சுக்கட்ட ஆள் வேணும், அந்த ஆள் நாங்க.

இதுல ரெண்டு வழி இருக்கு. நோய்க்குக் காரணமான புரோட்டீனோட முப்பரிமாண வடிவம் தெரிஞ்சா அதோட பள்ளத்துல எது பொருந்தும்னு பாக்கறது, அதான் டாக்கிங்; ரெண்டும் சேந்து எப்படி அசையுதுன்னு ஓட்டிப் பாக்கறது டைனமிக்ஸ். வடிவம் தெரியலைன்னா, ஏற்கனவே வேலை செஞ்ச மாலிக்யூல்களைப் பாத்து அடுத்தது எப்படி இருக்கணும்னு கணிக்கறது. இந்த ரெண்டாவது வழிக்கு 1960-கள்லயே கார்வின் ஹான்ஷும் தோஷியோ ஃபுஜிதாவும் அஸ்திவாரம் போட்டாங்க, அதைத்தான் க்யூஎஸ்ஏஆர்னு சொல்றோம். மாலிகுலர் இன்ஃபர்மேட்டிக்ஸ்னா மாலிக்யூலை கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுதறது, சேத்து வைக்கறது, தேடறது. ஸ்மைல்ஸ்னு ஒரு எழுத்துமுறை இருக்கு, அதுல எத்தனாலை 'சிசிஓ' (CCO, ரெண்டு கார்பன், ஒரு ஆக்ஸிஜன்)ன்னு மூணே எழுத்துல எழுதிடலாம், ஹைட்ரஜனை அதுவே புரிஞ்சுக்கும்.

இதுல இருந்து ஒரு மருந்தாவது வந்திருக்கா? இல்ல எல்லாம் பேப்பரோட சரியா?

வந்திருக்கு. க்ளாக்கோமாங்கற கண் நோய்க்குப் போடற டோர்ஸோலமைடு சொட்டு மருந்து 1990-கள் நடுவுல வந்தது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ்ங்கற என்ஸைமோட வடிவத்தைப் பாத்துப் பாத்து டிசைன் பண்ணினது, அந்த என்ஸைம் நடுவுல இருக்கற ஜிங்க்கைப் போய்ப் பிடிச்சுக்கும் (இந்த ஜிங்க்கை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி என் மானம் போன கதைல திரும்ப வரும்). ஃப்ளூவுக்கான ஸனாமிவிர் ஆஸ்திரேலியாவுல பொறந்தது, 1999-ல அப்ரூவல் ஆச்சு. வைரஸ் புரோட்டீனோட பள்ளத்துல எந்த இடத்துல எந்த மாதிரி அணு உக்காரும்னு க்ரிட்ங்கற புரோகிராம் காட்டிக் குடுத்தது, அதை வெச்சு ஏற்கனவே தெரிஞ்ச ஒரு மாலிக்யூல்ல இருந்த ஹைட்ராக்ஸிலை எடுத்துட்டு பாசிட்டிவ் சார்ஜ் உள்ள குரூப்பை வெச்சாங்க, பிடிமானம் பல மடங்கு கூடிடுச்சு.

சமீபத்துல ஜப்பானோட ஷியோனோகி கம்பெனி கொண்டுவந்த கோவிட் மாத்திரை என்சிட்ரெல்விர். வர்ச்சுவல் ஸ்க்ரீனிங்ல (கம்ப்யூட்டர்லயே ஏராளமான மாலிக்யூலைச் சலிச்சுப் பாக்கறது) கிடைச்ச ஒரு மாலிக்யூலை வளத்தெடுத்து 2022 நவம்பர்ல அங்க எமர்ஜென்சி அப்ரூவல் வாங்கினாங்க. ஆனா இந்த மூணு கதையிலயும் கம்ப்யூட்டர் பக்கத்துலயே கெமிஸ்ட், பயாலஜிஸ்ட், கிரிஸ்டலோகிராஃபர்னு ஒரு பட்டாளம் இருந்தது. தனியா ஒரு லேப்டாப் மருந்து கண்டுபிடிச்சதா எவனாவது சொன்னா நம்பாதீங்க.

நான் பி.ஃபார்ம். என் ஃப்ரெண்டு பி.டெக் ஐடி, இன்னொருத்தி எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி. யார் வரலாம்?

மூணு பேரும் வரலாம், ஓட்டை மட்டும் வேற வேற இடத்துல இருக்கும். கெமிஸ்ட்ரிக்காரங்களுக்குப் பிடி அதிகம், ஏன்னா கடைசில எல்லாம் மாலிக்யூல்தான். பி.ஃபார்முக்கு மருந்து உடம்புக்குள்ள என்ன ஆகுதுன்னு தெரியும், அது ரொம்பப் பெரிய ப்ளஸ். ஜிபேட் (ஃபார்மசி மேல்படிப்பு நுழைவுத் தேர்வு) எழுதி, மத்திய அரசோட ஃபார்மசி கல்வி நிறுவனமான நைப்பர் பக்கம் பாருங்க, மொஹாலி நைப்பர்ல ஃபார்மகோஇன்ஃபர்மேட்டிக்ஸ்னே தனி டிபார்ட்மெண்ட் இருக்கு. பயோடெக் ஆளுங்க ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரியைத் தூசு தட்டணும், ஃப்ரீ எனர்ஜின்னா என்னன்னு தெரியாம இதுல காலம் தள்ள முடியாது.

ஐடி பசங்க கோடிங்ல பறப்பாங்க. ஒருத்தர் மெஷின் லேர்னிங்ல புதுசா நூறு மாலிக்யூல் உருவாக்கி ஆசையா எடுத்துட்டு வந்தார், பாத்தா பாதில கார்பனுக்கு அஞ்சு கை (நாலுதான் இருக்கணும்). அவர் மேல தப்பில்ல, யாரும் சொல்லித் தரல. ஒரு வருஷம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகத்தோட குடும்பம் நடத்தினா சரியாயிடும்.

கோடிங்னா எனக்கு அலர்ஜி மேம். பட்டன் அமுக்கற சாஃப்ட்வேரே போதாதா?

எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்குப் போதும், ஆராய்ச்சிக்குப் போதாது. பத்து மாலிக்யூலைப் பட்டன்ல பாக்கலாம், பத்து லட்சத்தை என்ன பண்ணுவீங்க? பைத்தான், லினக்ஸ் கமாண்டு, மாலிக்யூலைக் கையாள உதவற ஆர்டிகிட்ங்கற சாஃப்ட்வேர். இந்த மூணு போதும், ஆறு மாசம் தினமும் ஒரு மணி நேரம் உக்காந்தா வந்துடும். ஆர்டிகிட் இலவசம், உலகம் பூரா கம்பெனிக்காரங்களும் அதைத்தான் வெச்சிருக்காங்க.

படிக்கறதுக்கும் காசு வேணாம். என்பிடெல்ங்கற இலவச ஆன்லைன் பாடத் தளத்துல ஐஐடி மெட்ராஸ் வாத்தியார்களோட பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பாடங்கள் இருக்கு. ஜெர்மனில ஒரு யூனிவர்சிட்டி குரூப் ஆரம்பிச்ச டீச்ஓப்பன்கேட்னு ஒண்ணு இருக்கு, பாடமும் கோடும் ஒண்ணாவே வரும், எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல தொடக்கம் வேற இல்ல. நான் படிக்கற காலத்துல இது இல்லையேன்னு வயிறு எரியும்.

கடைக்காரர் ஒரு லட்சத்துக்கு கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்றார். வாங்கணுமா?

வேணாம். அப்பா காசைக் கரியாக்காதீங்க. ஆட்டோடாக் வைனா மாதிரி டாக்கிங் புரோகிராம் சாதாரண லேப்டாப்ல ஓடும், கத்துக்கற அளவுக்கு ஜிபியு வேணும்னா கூகுள் கோலாப்ல இலவசமா கிடைக்கும். பெரிய டைனமிக்ஸ் ஓட்டற காலம் வரும்போது லேப்ல சர்வர் இருக்கும், இல்லன்னா அந்த லேப்ல சேந்ததே தப்பு.

நெட் எக்ஸாமா, கேட் (GATE) எக்ஸாமா? நெட்ல பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்னு பேப்பரே இல்லையே அக்கா?

சிஎஸ்ஐஆர் நெட்ல இருக்கறது அஞ்சே சப்ஜெக்ட், நம்மளுக்கு ஆகறது லைஃப் சயின்ஸ் இல்லன்னா கெமிக்கல் சயின்ஸ். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிச்சவங்க பெரும்பாலும் லைஃப் சயின்ஸ்தான் எழுதறாங்க, அதுல செடி, பூச்சி, பரிணாமம்னு எல்லாம் வரும், திட்டிக்கிட்டே படிக்க வேண்டியதுதான். மத்திய அரசோட பயோடெக்னாலஜி துறைக்காக (டிபிடி) நடக்கற பெட் எக்ஸாமும் ஒரு வழி. கேட் எழுதினா ஐஐடி கதவைத் தட்டலாம்.

ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) அடிச்சா கதையே வேற. 2023 ஜனவரில இருந்து முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் அதோட அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000, வீட்டு வாடகைப்படி தனி. காசு கையில இருந்தா கைடைத் தேர்ந்தெடுக்கறது நீங்க, இல்லன்னா கைடுகிட்ட ப்ராஜெக்ட் இருக்கான்னு பாத்துப் பாத்துப் போகணும். காசு சில சமயம் மாசக்கணக்குல லேட்டா வரும், அதுக்கும் தயாரா இருங்க. நான் ஹாஸ்டல் மெஸ்ல ஏழு மாசம் கடன் வெச்சிருக்கேன்.

பி.எச்டி எங்க பண்ணலாம்? நம்ம ஊர்ல நல்ல இடம் இருக்கா இல்ல டெல்லி பக்கம் போகணுமா?

நம்ம ஊருக்கு இதுல பழைய உரிமையே இருக்கு. 1963-ல ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் மெட்ராஸ் யூனிவர்சிட்டில இருந்து போட்ட படம்தான் ராமச்சந்திரன் ப்ளாட். இன்னிக்கும் உலகத்துல யார் புரோட்டீன் வடிவத்தைக் கண்டுபிடிச்சாலும் சரியா இருக்கான்னு அந்தப் படத்துல வெச்சுத்தான் பாக்கறாங்க. அந்தப் பரம்பரைல வந்த டிபார்ட்மெண்ட் கிண்டி கேம்பஸ்ல இருக்கு. காரைக்குடி அழகப்பால பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் டிபார்ட்மெண்ட், ஐஐடி மெட்ராஸ்ல பயோடெக், தரமணி மேட்சயின்ஸ்ல (கணித அறிவியல் நிறுவனம்) நம்ம மூலிகை டேட்டாபேஸ் கட்டின குரூப், பாண்டிச்சேரி யூனிவர்சிட்டின்னு பக்கத்துலயே இருக்கு. வெளில போனா ஐஐடி டெல்லி, ஹைதராபாத் ட்ரிபிள் ஐடி, பெங்களூர் ஐஐஎஸ்சி.

ஆனா பேரை விடுங்க, கைடைப் பாருங்க. அவர் பேப்பர்ல சோதனை பண்ற ஆளுங்க பேரும் சேந்து வருதா? அதாவது கம்ப்யூட்டர் சொன்னதை யாராவது செஞ்சு பாத்திருக்காங்களா? பழைய ஸ்டூடண்ட்ஸ் எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, இப்போ எங்க இருக்காங்க? இப்போ இருக்கற ஒரு ஸ்டூடண்டைத் தனியா கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்துக் கேளுங்க, அந்தப் பதினஞ்சு ரூபாதான் உங்க பி.எச்டிலயே உருப்படியான செலவு.

ஒரு புரோட்டீன், அம்பது மூலிகை மாலிக்யூல், டாக்கிங் பண்ணி மூணு மாசத்துல பேப்பர் போடலாம்ங்கறாங்களே?

போடலாம், போட்டுக்கிட்டும் இருக்காங்க. 2020 லாக்டவுன் ஞாபகம் இருக்கா? கொரோனா வைரஸ் பெருகறதுக்குத் தேவையான மெயின் புரோட்டியேஸ்ங்கற புரோட்டீனோட வடிவம் பிப்ரவரி வாக்கில பொதுவெளில வந்தது, 6எல்யூ7னு அதுக்கு நம்பர். வீட்டுல அடைஞ்சு கிடந்த பாதிப்பேர் அதை எடுத்து கபசுரக் குடிநீர்ல இருந்து கிராம்பு வரைக்கும் டாக்கிங் பண்ணினாங்க. அந்தக் குவியல்ல பெரும்பாலானதை யாரும் லேப்ல தொடவே இல்ல. அதே புரோட்டீன் மேல வந்ததுதான் முன்னாடி சொன்ன என்சிட்ரெல்விரும். அவங்களும் ஸ்க்ரீனிங்லதான் ஆரம்பிச்சாங்க, ஆனா அங்க நிக்கல, செஞ்சு பாத்தாங்க, மாத்தினாங்க, திரும்பச் செஞ்சு பாத்தாங்க.

இப்போ நல்ல ஜர்னல்கள்ல சோதனை இல்லாத வெறும் டாக்கிங் பேப்பரை ரிவ்யூவுக்கே அனுப்பாம திருப்பிடறாங்க. ஜர்னல் ஆஃப் கெமின்ஃபர்மேட்டிக்ஸ் மாதிரி இடத்துல கோடும் டேட்டாவும் வெளிப்படையா வெக்கச் சொல்வாங்க. 2022 யுஜிசி விதிப்படி தீசிஸ் குடுக்க பேப்பர் கட்டாயமே இல்ல (உங்க யூனிவர்சிட்டி தனியா கேக்கும், அதைப் பாத்துக்கோங்க), அதனால எண்ணிக்கைக்காக ஓடாதீங்க. நாளைக்கு இண்டர்வியூல அந்தப் பேப்பரைப் பத்தித்தான் முதல் கேள்வி வரும்.

மேம், என் காம்பவுண்டுக்கு மைனஸ் 9.8, ஸ்டாண்டர்டு மருந்துக்கு மைனஸ் 7.5தான். அப்போ என்னோடது பெட்டர்தானே?

இது வாரத்துக்கு ஒரு தடவை வரும், அதனால பொறுமையா சொல்றேன். அந்த நம்பர் டாக்கிங் ஸ்கோர், கிலோகலோரி கணக்கு, மைனஸ் கூடினா பிடிமானம் கூடும்னு அர்த்தம். உண்மையான பிடிமானத்துல சுமார் 1.4 வித்தியாசம் வந்தாலே பத்து மடங்கு மாறிடும். வைனாவை உருவாக்கினவங்களே 2010 பேப்பர்ல சொன்ன சராசரிப் பிழை கிட்டத்தட்ட 3. அப்போ உங்க 2.3 வித்தியாசம் பிழைக்குள்ளயே அடங்கிப்போச்சு. அதுவும் இல்லாம மாலிக்யூல் பெருசா இருந்தாலே ஸ்கோர் ஏறும், நாலஞ்சு சர்க்கரை தொங்கற ஃப்ளேவனாய்டு (செடிகள்ல இருக்கற ஒரு வகை மாலிக்யூல்) எப்பவும் ஃபர்ஸ்ட் வர்றது அதனாலதான்.

என்ன பண்ணணும்னா, முதல்ல புரோட்டீன் கிரிஸ்டல்ல ஏற்கனவே உக்காந்திருக்கற மாலிக்யூலை (லிகண்டை) எடுத்துட்டுத் திரும்ப டாக் பண்ணுங்க, பழைய இடத்துக்கு 2 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள (அணு அளவுல தூரத்தை அளக்கற அலகு) வருதான்னு பாருங்க. வரலைன்னா அங்கயே நில்லுங்க. அப்புறம் வேலை செய்யும்னு தெரிஞ்ச மாலிக்யூல்களையும் செய்யாததையும் கலந்து போட்டு, உங்க முறை ரெண்டையும் பிரிக்குதான்னு பாருங்க.

நான் எம்.எஸ்சில கார்பானிக் அன்ஹைட்ரேஸ் எடுத்தேன். புரோட்டீனை க்ளீன் பண்றேன்னு தண்ணி, உப்பு எல்லாத்தையும் ஒரே கமாண்டுல அழிச்சேன், கூடவே அந்த ஜிங்க்கும் போயிடுச்சு. மருந்து எதைப் பிடிச்சுத் தொங்கணுமோ அதுவே இல்லாம முப்பது மாலிக்யூலுக்கு ஸ்கோர் எடுத்து, கலர் கலரா படம் போட்டு, செமினார்ல நின்னேன். பின் வரிசைல ஒரு வயசான புரொபசர் "எங்கம்மா ஜிங்க்?"னு ரெண்டே வார்த்தை கேட்டார். சாஃப்ட்வேர் ஒரு எரர் கூடக் காட்டலைங்கறதுதான் இதுல கொடுமை, அதுபாட்டுக்கு அழகா மைனஸ் நம்பர் குடுத்துது.

சித்த மருந்தை, பாட்டி வைத்தியத்தை இதுல நிரூபிக்க முடியுமா? அதுதான் என் ஆசை.

ஆசை நல்லது, 'நிரூபிக்க'ங்கற வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க. எந்த மூலிகைல எந்த மாலிக்யூல், அது எந்தப் புரோட்டீனைத் தொடலாம்னு யோசனை சொல்ல முடியும். முன்னாடி சொன்ன மேட்சயின்ஸ் டேட்டாபேஸ் பேர் இம்பேட், அதோட ரெண்டாவது பதிப்புல 4,010 இந்திய மூலிகைகளும் 17,967 மாலிக்யூல்களும் இருக்கு. இதைக் கொண்டாடாம எங்கேயோ தேடிட்டு இருக்கோம்.

ஒரு ஆபத்து மட்டும் இருக்கு, மஞ்சள். அதுல இருக்கற குர்குமின் எந்தப் புரோட்டீன்ல போட்டாலும் வேலை செய்யற மாதிரியே காட்டும், டாக்கிங்ல மட்டும் இல்ல, லேப் டெஸ்ட்லயும் ஏமாத்தும். இப்படிப்பட்ட மாலிக்யூல்களுக்கு 2010-ல பெய்ன்ஸ்னு ஒரு பட்டியலே போட்டாங்க, 2017-ல குர்குமினைப் பத்தித் தனியா ஒரு நீண்ட ரிவ்யூ வந்து கெமிஸ்ட்ரிக்காரங்க மத்தியில பெரிய பேச்சாச்சு. அதுக்காக ரசத்துல மஞ்சள் போடாம விட்டுடாதீங்க, தீசிஸ் அது மேல கட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

ஆல்ஃபாஃபோல்டுக்கு நோபலே குடுத்துட்டாங்க. நான் பி.எச்டி முடிக்கறதுக்குள்ள ஏஐ எல்லாத்தையும் பண்ணிடாதா?

2024 கெமிஸ்ட்ரி நோபல்ல பாதி ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும், புரோட்டீன் வடிவத்தைக் கணிக்கற ஏஐ புரோகிராமான ஆல்ஃபாஃபோல்டுக்காக, மறு பாதி டேவிட் பேக்கருக்குப் புரோட்டீன் டிசைனுக்காக. 2013-லயும் கம்ப்யூட்டர் கெமிஸ்ட்ரிக்கு நோபல் வந்தது, அப்பவும் எல்லாம் முடிஞ்சுதுன்னு பேசினாங்க. புரோட்டீன் வடிவம் கிடைச்சுட்டா மருந்து கிடைச்ச மாதிரி இல்ல. அது ஈரலைக் கெடுக்குமா, வயித்துல கரையுமா, புரோட்டீன் அசையும்போது பள்ளம் மூடிக்குமா, இதெல்லாம் அப்படியே பாக்கி இருக்கு.

ஏஐ எவ்வளவு ஏமாத்தும்னு ஒரு கதை. டாக்கிங் முறைகளைச் சோதிக்க டியூடி-இன்னு 102 புரோட்டீன் உள்ள டேட்டா செட் ஒண்ணு 2012-ல வந்தது. டீப் லேர்னிங் மாடல்கள் அதுல சூப்பரா மார்க் வாங்கிச்சு. 2019-ல சிலர் புரோட்டீனையே எடுத்துட்டு மாலிக்யூலை மட்டும் குடுத்துப் பாத்தாங்க, மார்க் அப்படியே இருந்தது! அதாவது மாடல் பொருத்தம் எதையும் கத்துக்கல, டேட்டால இருந்த சாயலை மனப்பாடம் பண்ணிருக்கு. என் ஜிங்க் கதையும் இதும் ஒரே குடும்பம். இதைச் சந்தேகப்படத் தெரிஞ்ச ஆளுக்கு வேலை போகாது.

ஃபாரின் போயே ஆகணுமா? எம்.எஸ் அங்க பண்ணிட்டு அப்படியே பி.எச்டி பண்ணிடலாம்னு பாக்கறேன்.

போயே ஆகணும்னு இல்ல, போனா கண் திறக்கும். பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க், இங்கிலாந்துல ஷெஃபீல்டு, ஜெர்மனில பான், ஹாம்பர்க், அமெரிக்கால யுசிஎஸ்எஃப், எல்லாம் இந்தத் துறைல பழைய பேருள்ள ஊருங்க.

இதுல ஒரு பொறி இருக்கு. ஐரோப்பால நல்ல சம்பளத்தோட வர்ற மேரி க்யூரி (ஐரோப்பிய யூனியன் காசு குடுக்கற திட்டம்) பி.எச்டி வேலைகளுக்கு ஒரு விதி: கடைசி 36 மாசத்துல அந்த நாட்டுல 12 மாசத்துக்கு மேல வசிச்சிருக்கக் கூடாது. ஜெர்மனில ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் பண்ணிட்டு அங்கயே அந்த வேலைக்குப் போட முடியாது, பக்கத்து நாட்டுக்குத்தான் போடலாம். எனக்குத் தெரிஞ்ச மூணு பேர் இதுல மாட்டினாங்க.

வணக்கம் மேடம், பொண்ணு இதுலதான் பி.எச்டின்னு ஒத்தக்கால்ல நிக்கறா. முடிச்சா வேலை நிச்சயமா?

வணக்கம்ங்க. நிச்சயம்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். பி.எச்டி அஞ்சு வருஷம், அப்புறம் ரெண்டுல இருந்து நாலு வருஷம் போஸ்ட்டாக், அப்புறம்தான் வாத்தியார் வேலைக்கு வரிசைல நிக்கறது. அரசு யூனிவர்சிட்டில அசிஸ்டண்ட் புரொபசர் அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுப்படி 57,700-ல தொடங்குது, ஆனா காலியிடம் எப்போ நிரப்புவாங்கன்னு கடவுளுக்கே வெளிச்சம். தனியார் காலேஜ் சம்பளத்தை இங்க எழுதினா நீங்க பொண்ணை அனுப்ப மாட்டீங்க. ஆனா இதுல வெளில போற கதவு திறந்தே இருக்கும். ஹைதராபாத், பெங்களூர் மருந்துக் கம்பெனிங்க, காண்ட்ராக்ட் ஆராய்ச்சி, சாஃப்ட்வேர், டேட்டா சயின்ஸ் எல்லாத்துக்கும் இந்தப் படிப்பு செல்லும்.

கல்யாணத்தைப் பத்தியும் கேட்டிருந்தீங்க. வயசைக் கணக்குப் போட்டு அவசரப்படுத்தாதீங்க. விஷ வாயு, ஆசிட்னு நிக்காம வீட்டுல இருந்தும் பண்ற வேலைங்கறதால குழந்தை பொறந்த அப்புறம் திரும்பி வந்த பெண்கள் இதுல நிறைய. அறிவியல்ல இருக்கற பெண்களுக்குன்னே மத்திய அரசோட அறிவியல் தொழில்நுட்பத் துறைல (டிஎஸ்டி) வைஸ்-கிரண் திட்டம் இருக்கு. நானும் குழந்தையை மடில போட்டுக்கிட்டு சிமுலேஷன் ஓட்டினவதான்.

லேப்ல க்ராக் பண்ணின சாஃப்ட்வேர்தான் இருக்கு. அதுல வந்த ரிசல்ட்டை பேப்பர்ல போடலாமா?

வேணாம். லைசென்ஸ் எங்கன்னு ரிவ்யூவர் கேட்டா மாட்டுவீங்க, உங்க பேர்தான் முதல்ல இருக்கும், கைடு கை கழுவிடுவார். வைனா, குரோமேக்ஸ் (டைனமிக்ஸ் ஓட்டற புரோகிராம்), ஆர்டிகிட், மூணும் இலவசம், மூணையும் உலகமே ஒத்துக்கும்.

இருபது பேருக்கு மெயில் போட்டேன் அக்கா, ஒருத்தர் கூட ரிப்ளை பண்ணல. என்ன தப்பு?

உங்க மெயிலைப் பாத்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா'ல ஆரம்பிச்சு மூணு பாரா உங்க ஆர்வத்தைப் பத்தி, அவர் என்ன பண்றார்ங்கறதைப் பத்தி ஒரு வரி இல்ல, இருபது பேருக்கும் ஒரே மெயில். என் இன்பாக்ஸ்லயும் அப்படித்தான் ஒரு நாளைக்கு பத்து வருது, நானும் திறக்கறதில்ல.

அஞ்சு பேரை எடுங்க. ஒவ்வொருத்தரோட கடைசி ரெண்டு பேப்பரைப் படிங்க. அவங்க பயன்படுத்தின புரோட்டீனை டவுன்லோடு பண்ணி, மைனஸ் 9.8 கேள்வில சொன்ன ரீடாக்கிங்கைச் செஞ்சு பாருங்க. வந்துச்சுன்னா எவ்வளவு வந்துச்சு, வரலைன்னா ஏன்னு நீங்க நினைக்கறீங்க, அவ்வளவுதான் மெயில், ஆறு வரி, கூட அந்தக் கோடு இருக்கற நோட்புக் லிங்க். போன வருஷம் ஒரு பையன் எனக்கு இப்படித்தான் அனுப்பினான், அவனுக்கு 4.1 ஆங்ஸ்ட்ராம் வந்திருந்தது, ஏன்னு அவன் சொன்ன காரணமும் தப்பு. ஜூலைல என் லேப்ல சேந்துட்டான்.